புதிய ஹரியரும் வியாபாரியின் கைமுதலும்

வாகன இறக்குமதிக்கான கதவு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து எமது வர்த்தகர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவராக இருந்தாலும் சரி, கல்முனையில் புடைவைக் கடை நடத்துபவராக இருந்தாலும் சரி, பேருவளையில் மாணிக்க வியாபாரத்தில் இருப்பவராக இருந்தாலும் சரி, கையில் நாலு காசு சேர்ந்தவரின் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. "புது மொடல் ஹரியர் ஒன்றை எடுத்தால் என்ன?"

இதை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது இலகு. ஆனால் அது நியாயமான பதிலாகாது. உழைத்துச் சம்பாதித்தவன் குடும்பத்தோடு பாதுகாப்பாகவும் வசதியாகவும் பயணம் செய்ய விரும்புவதில் தவறேதும் இல்லை. கிழக்கிலிருந்து கொழும்புக்குக் கொள்முதலுக்காக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, மறுநாளே திரும்பும் வியாபாரிக்கு நல்ல வாகனம் ஒரு தேவையும்கூட. எனவே இங்கு நாம் எடுத்துக்கொள்வது வேறு கேள்வி. இந்த வாகனத்துக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, அது எங்கே போகிறது, வியாபாரத்தில் அது விட்டுச்செல்லும் வெற்றிடம் எவ்வளவு?

ஜீப் அல்லாத ஜீப்

எமது வழக்கில் உயரமான வாகனம் எல்லாமே ஜீப்தான். ஆனால் ஹரியர் ஜீப் அல்ல. லேண்ட் குரூஸர், பிராடோ போன்றவை தனியான இரும்புச் சட்டத்தின் மேல் உடல் பொருத்தப்பட்டவை. ஹரியர் போன்ற க்ரோஸ்ஓவர் வாகனங்களில் அடித்தளமும் உடலும் ஒன்றாகவே கார் முறையில் அமைந்திருக்கும். அதனால்தான் அதன் ஓட்டம் காரைப் போல மென்மையாக இருக்கிறது. பாரம் ஏற்றவும் கரடுமுரடான காட்டுப் பாதையில் ஓடவும் அது செய்யப்படவில்லை.

இந்த வகைச் சொகுசு வாகனத்துக்கு வழிகாட்டியதே ஹரியர்தான் என்று சொல்லலாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஹரியர் என்ற பெயரில் வெளிவந்த அதே வாகனம், 1998இல் அமெரிக்காவில் லெக்சஸ் ஆர்.எக்ஸ். 300 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2013இல் வந்த மூன்றாவது தலைமுறையோடு ஹரியர் லெக்சஸிலிருந்து பிரிந்து, முக்கியமாக ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான தனி வாகனமாயிற்று. எமது வீதிகளில் நாம் பார்த்துப் பழகிய ஹரியர்களில் பல அந்த மூன்றாவது தலைமுறையைச் சேர்ந்தவை.

நான்காவது தலைமுறை 2020 ஜூன் மாதத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முழுமையாக மாற்றியமைக்கப்பட்ட வாகனம் அது. டொயோட்டா ராவ்4 வாகனத்தின் அடித்தளமே இதற்கும் அடித்தளம். நீளம் 4,740 மில்லிமீற்றர், அகலம் 1,855 மில்லிமீற்றர். உயரம் 1,660 மில்லிமீற்றர். முந்தியதைவிட 30 மில்லிமீற்றர் குறைவு. கூரை பின்பக்கமாகச் சரிந்து செல்கிறது. பார்வைக்கு அழகு. ஆனால் அந்த அழகுக்கு விலையாகப் பின்பக்கப் பொதி இடம் ராவ்4இல் உள்ளதைவிடச் சுருங்கியிருக்கிறது. குடும்பத்தோடு ஊர் போகும்போதும், சாம்பிள் பெட்டிகளை ஏற்றும்போதும் இது தெரியவரும். பெற்றோலில் மட்டும் ஓடுவது 1,986 சீ.சீ. இயந்திரம் கொண்டது. ஹைபிரிட் வகையின் இயந்திரம் 2,487 சீ.சீ. இந்த இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்; வரியைப் பற்றிப் பேசும்போது இவை தேவைப்படும்.

எமக்குப் புதிது, உலகுக்குப் பழையது

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய ஹரியர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னர். எனவே உலகம் ஐந்து வருடங்களாகப் பார்த்துப் பழகிய ஒரு வாகனம், 2025இல் எமது கண்களுக்குப் புத்தம் புதியதாகத் தோன்றியது. "புது மொடல்" என்று நாம் அழைப்பது, உண்மையில் 2020ஆம் ஆண்டின் மொடல்.

இதே அடித்தளத்தில் பிறந்த ராவ்4, 2025 மே மாதத்தில் அடுத்த தலைமுறை வடிவத்தில் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டுவிட்டது. உடன்பிறப்பு மாறிவிட்டால் ஹரியரும் என்றோ ஒரு நாள் மாறத்தான் போகிறது. அந்த நாளில், இன்று "புது மொடல்" என்று கூடுதலாகக் கொடுத்த பணம் "பழைய மொடல்" என்ற பெயரோடு குறைந்து நிற்கும். சரக்கு வாங்கும்போது, பருவம் முடியும் தறுவாயில் உள்ள மாதிரிக்கு முழு விலை கொடுக்க எந்தப் புடைவை வியாபாரியும் சம்மதிக்கமாட்டார். அதே கண் வாகனம் வாங்கும்போதும் திறந்திருக்க வேண்டும்.

விலையில் எவ்வளவு வாகனம், எவ்வளவு வரி?

ஒரு பொருளை வாங்குபவன் அதன் அடக்க விலையை அறிந்திருக்க வேண்டும் என்பது வியாபாரத்தின் முதல் பாடம். ஆனால் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாகனம் வாங்கும் எமது வர்த்தகர்களில் பலர், அந்த விலையின் உள்விபரத்தைக் கேட்பதில்லை.

2025இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது இருந்த நடைமுறையை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். துறைமுகத்துக்கு வந்து சேரும்போது காப்புறுதி, கப்பல் கட்டணம் உட்பட 90 இலட்சம் ரூபா பெறுமதியான ஒரு ஹைபிரிட் வாகனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத் தீர்வை 20 வீதம். அதாவது 18 இலட்சம். அந்தத் தீர்வையின் மீது 50 வீத மேலதிகக் கட்டணம் 9 இலட்சம். அடுத்தது சொகுசு வரி. பெற்றோல் ஹைபிரிட் வாகனத்துக்கு 55 இலட்சம் ரூபா வரை விலக்கு. அதற்கு மேற்பட்ட பெறுமதிக்கு 80 வீதம். 90இல் 55 போக மீதி 35 இலட்சம். அதன் 80 வீதம் 28 இலட்சம். ஹைபிரிட் அல்லாத பெற்றோல் வாகனமென்றால் விலக்கு 50 இலட்சம் மட்டுமே, வீதமோ 100.

இதுவரை 55 இலட்சம் வரி. இன்னும் பெரிய வரி வரவில்லை. அதுதான் உற்பத்தி வரி. இது இயந்திரத்தின் சீ.சீ. கணக்கில் அறவிடப்படுகிறது. சீ.சீ. கூடக் கூட, ஒரு சீ.சீ.க்கான வீதமும் படிப்படியாகக் கூடுகிறது. எனவே பெரிய இயந்திரம் இரண்டு வழியில் அடிக்கிறது. எண்ணிக்கையும் கூடுகிறது, வீதமும் கூடுகிறது. 2,487 சீ.சீ. என்ற எண்ணின் கனம் இப்போது புரியும். சுங்கத் தீர்வையையும் உற்பத்தி வரியையும் சேர்த்த பெறுமதியின் மீது கடைசியாக 18 வீத வற் வரி. வரிக்கு மேல் வரி என்பது இதுதான்.

ஆகவே இவ்வாறான வாகனத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு, இரும்புக்கோ இயந்திரத்துக்கோ தோல் ஆசனத்துக்கோ போவதில்லை. திறைசேரிக்குப் போகிறது. வரி செலுத்துவது தவறல்ல, நாட்டுக்குத் தேவையானது. ஆனால் அந்த வரிப் பங்கின் பெறுமதி எதில் தங்கியிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். நாளை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் வரி குறைக்கப்பட்டால், உங்கள் முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் விலையும் அன்றே குறைகிறது. கூட்டப்பட்டால் விலையும் கூடலாம். இரண்டில் எது நடக்கும் என்பதை நீங்களும் தீர்மானிக்க முடியாது, நானும் தீர்மானிக்க முடியாது. கொள்முதலில் ஒவ்வொரு ரூபாவுக்கும் பேரம் பேசும் வியாபாரி, தன் கட்டுப்பாட்டில் சற்றும் இல்லாத ஒன்றின் மீது கோடிகளைக் கட்டுகிறார்.

ஐந்து வருடம் கற்றுத்தந்த பிழையான பாடம்

"வாகனம் எப்போதும் நட்டமில்லை. நான் ஓடிவிட்டு வாங்கியதைவிடக் கூட விலைக்கு விற்றேன்." இப்படிச் சொல்பவர்கள் எம்மில் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. 2020க்கும் 2025க்கும் இடையில் பலருக்கு அப்படி நடந்தது. ஆனால் அது ஏன் நடந்தது?

முதற் காரணம், ஐந்து வருடங்கள் நாட்டுக்குள் புதிய கார்கள் வரவில்லை. தேவை இருந்தது, வரத்து இல்லை. இரண்டாவது காரணம், ரூபாவின் வீழ்ச்சி. 2020இன் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 182 ரூபா. 2022 மே மாதமளவில் அது 360 ரூபாவைத் தாண்டியது. 2025இல் சுமார் 300 ரூபாவில் நின்றது.

கணக்கைப் பாருங்கள். 2020இல் ஒரு கோடி ரூபா என்பது ஏறத்தாழ 55,000 டொலர். அதே 55,000 டொலர் 2025இல் ஒரு கோடியே 65 இலட்சம் ரூபா. எனவே ஒரு கோடிக்கு வாங்கிய வாகனத்தை ஒரு கோடியே 65 இலட்சத்துக்கு விற்றவர், டொலர் கணக்கில் ஒரு சதமும் இலாபம் பெறவில்லை. ரூபாதான் மெலிந்தது. அந்தக் காசைக் கொண்டு போய் அதே தரத்தில் இன்னொரு வாகனம் வாங்க முயன்றவர்களுக்கு உண்மை உடனே புரிந்திருக்கும்.

மூடியிருந்த கதவும் விழுந்த ரூபாவும் சேர்ந்து தந்த ஓர் அசாதாரண விளைவை, வாகனத்தின் இயல்பான குணம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். கதவு திறந்த பின்னர் அந்தப் பாடம் செல்லாது. உலகெங்கும் வாகனம் என்பது ஓட ஓடத் தேயும் பொருள். முதலீடு என்ற பெயரில் அதை வாங்குபவர் முதலில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார்.

ஒவ்வொரு கோடிக்கும் ஒரு கணக்கு

வாகனத்தின் விலை மாதத்துக்கு மாதம் மாறும். எனவே மொத்த விலையை விட்டுவிட்டு, அதில் போடும் ஒவ்வொரு கோடி ரூபாவுக்கும் கணக்குப் பார்ப்போம்.

உங்கள் கடையில் ஒரு கோடி ரூபா சரக்காக இருக்கிறது. வருடத்தில் அது நான்கு முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் செலவெல்லாம் போகக் கையில் 4 வீதம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 16 இலட்சம். ஐந்து வருடத்தில் 80 இலட்சம். இலாபத்தை மீண்டும் சரக்கில் போட்டால் இன்னும் அதிகம். அந்த ஒரு கோடியை வாகனத்தில் போட்டால், வாகனத்தின் தேய்மானத்தோடு இந்த 80 இலட்சத்தையும் சேர்த்துத்தான் செலவாக எழுத வேண்டும். உங்கள் கடையில் சுழற்சியும் இலாப வீதமும் வேறாக இருக்கலாம். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள். நான்கு வரிதான்.

இதைவிட ஆபத்தான ஒரு விடயமும் உண்டு. எமது வியாபாரத்தில் பெரும்பகுதி பின்திகதியிட்ட காசோலையில் ஓடுகிறது. மொத்த வியாபாரி 60 நாள், 90 நாள் தவணைக்குச் சரக்குத் தருகிறார். நாம் விற்று, அறவிட்டு, காசோலைத் திகதிக்கு முன் வங்கியில் போடுகிறோம். இந்தச் சங்கிலியில் கையிலுள்ள காசுதான் எண்ணெய். அதை உறிஞ்சி எடுத்து வாகனத்தில் ஊற்றிவிட்டால், நோன்புக்கும் பெருநாளுக்கும் முந்திய கொள்முதலின்போது மற்றவர் காசு கொடுத்துக் கழிவு பெறுவார். நாம் கடனுக்கு வாங்கிக் கூடுதல் விலை கொடுப்போம். ஒரு காசோலை திரும்பினால் பல வருடம் சேர்த்த நாணயம் ஒரு நாளில் போய்விடும். அந்த நாணயத்தை எந்த வாகனமும் திருப்பித் தராது.

2022ஐ மறந்துவிடக் கூடாது. வங்கி வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. எரிபொருள் கியூ.ஆர். முறைக்கு வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். பெரிய வாகனம் வாசலில் நின்றது. சரக்கும் காசும் வைத்திருந்தவர் நின்று பிடித்தார். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டம் உட்படப் பல இடங்களில் வெள்ளமும் மண்சரிவும் வாழ்வாதாரங்களை அழித்தன. அவ்வாறான ஒரு நாளின் மறுநாள் காலையில் கடையைக் கழுவித் திறப்பதற்கு உதவுவது கையிலுள்ள காசு மாத்திரமே.

லீசிங் என்ற வழுக்குப் பாதை

"கையில் உள்ளதை எடுக்க வேண்டாம், லீசிங் போட்டுக்கொள்வோம்" என்பது அடுத்த யோசனை. தனிப்பட்ட கார், எஸ்.யூ.வி. வகைகளுக்குப் பெறுமதியில் 60 வீதத்துக்கு மேல் கடன் வழங்கக் கூடாது என்று மத்திய வங்கி 2025 ஜூலையில் வரையறுத்தது. இந்த வரம்பு காலத்துக்குக் காலம் மாற்றப்படுவது. கையொப்பமிடும் நாளில் உள்ளதையே கேட்டறிய வேண்டும். எப்படியானாலும் பெரும் பங்கை நாமே கையிலிருந்து போட வேண்டும் என்பதே இதன் பொருள். கைமுதலைக் காப்பாற்ற லீசிங் எடுக்கிறோம் என்ற வாதம் அங்கேயே பாதி விழுந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு வருவோம். ஒரு கோடி ரூபாவை ஐந்து வருடத்துக்கு 14 வீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 2 இலட்சத்து 33 ஆயிரம் ரூபா. ஐந்து வருட முடிவில் வட்டியாக மட்டும் சுமார் 40 இலட்சம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் எமது வர்த்தகர்கள் இஜாரா, முராபஹா முறைகளை நாடுகிறார்கள். அது அவர்களது கொள்கை சார்ந்த நல்ல தெரிவு. ஆனால் அங்கேயும் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. ஒப்பந்தத்தின் முறை மாறுகிறதே தவிர, கடையின் கல்லாவிலிருந்து போகும் காசின் பாரம் குறைவதில்லை. வியாபாரம் மந்தமான மாதத்திலும் தவணைத் திகதி வந்தே தீரும்.

லொறியை லீசிங்கில் எடுப்பவர் அந்த லொறி ஓடிச் சம்பாதிப்பதில் தவணை கட்டுகிறார். சொகுசு வாகனத்தின் தவணையைக் கட்ட வேறொன்று சம்பாதிக்க வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

"கம்பனிக் கணக்கில் எடுத்தால் வரி மிச்சம்"

இந்த நம்பிக்கையும் பரவலாக உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், வர்த்தக வாகனங்கள், பஸ், சரக்கு வாகனங்கள் போன்றவற்றுக்குத் தேய்மானக் கழிவு உண்டு. சாதாரண கார் வகைக்கு அது இல்லை. ஹரியர் கார் வகையையே சேரும். எனவே கம்பனிப் பெயரில் எடுத்து வருடா வருடம் இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், கையொப்பமிடுமுன் உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேளுங்கள். அத்தோடு, வாகனம் பதிவு செய்யும்போது வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கேட்கப்படுகிறது. காட்டிய வருமானத்துக்கும் வாங்கிய வாகனத்துக்கும் பொருத்தமில்லையென்றால் கேள்வி வரும். கணக்கைச் சீராக வைத்திருப்பவருக்கு இதில் பயமில்லை. மற்றவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

எரிபொருள் மிச்சம் எவ்வளவு?

ஹைபிரிட் எடுத்தால் எரிபொருள் மிச்சம் என்பது உண்மைதான். ஜப்பானின் உத்தியோகபூர்வ அளவீட்டில் முன்சக்கர இயக்க பெற்றோல் ஹரியர் லீற்றருக்கு 15.4 கிலோமீற்றரும், ஹைபிரிட் 22.3 கிலோமீற்றரும் ஓடும். எமது நெரிசலில் இரண்டுமே குறையும். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இந்த அளவீட்டின்படி மிச்சம் சுமார் 30 லீற்றர். உதாரணத்துக்கு லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 9,000 ரூபா. வருடத்துக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம். கோடிகளில் பேசும் கொள்முதலில் இந்த ஒரு இலட்சத்தைக் காரணமாகச் சொல்வது, கொள்கலன் சரக்கை வாங்கிவிட்டுக் கட்டிய கயிற்றை இலாபமாகக் கணக்கிடுவது போன்றது.

மறுபுறத்தில் செலவும் உண்டு. முன்பக்கச் சின்னத்தின் பின்னால் ரேடார், முன்கண்ணாடியில் கெமரா என்று பாதுகாப்புக் கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பயனுள்ளவைதான். ஆனால் சிறு மோதலில் பம்பர் உடைந்தாலும், கல் பட்டுக் கண்ணாடி வெடித்தாலும் பழைய வாகனத்தைப் போலப் பக்கத்துக் கராஜில் மாற்றிவிட்டுப் போக முடியாது. கருவிகளை மீண்டும் சரியாக அளவமைக்க வேண்டும். கோடிக் கணக்கான பெறுமதிக்கு முழுக் காப்புறுதியும் வருடா வருடம் கட்ட வேண்டும்.

மதிப்பு என்ற வாதம்

"நல்ல வாகனத்தில் போனால்தான் மதிக்கிறார்கள். வங்கி முகாமையாளரும் மதிக்கிறார், கடன் தருபவரும் மதிக்கிறார்." இதை வெறும் பெருமைப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணிக்கக் கொள்வனவாளரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருபவருக்கும், பெரிய ஒப்பந்தங்களுக்காக நிறுவனங்களின் வாசலில் இறங்குபவருக்கும் வாகனம் தொழிலின் ஒரு பகுதி. அவர்களது கணக்கில் அது ஓரளவு செலவு, ஓரளவு விளம்பரம்.

ஆனால் எம்மில் பெரும்பாலானோரின் வாடிக்கையாளர் கடைக்கு வருபவர். அவர் பார்ப்பது விலையையும் தரத்தையும் முகமலர்ச்சியையும்தான். எமக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரி பார்ப்பது திகதிக்குக் காசோலை மாறுகிறதா என்பதை. சொல்லப்போனால், தவணை கேட்டுக்கொண்டே புது வாகனத்தில் வந்து இறங்கும் வியாபாரியைக் கண்டால், காசு கொடுக்க வேண்டியவர் சற்று யோசிக்கவே செய்வார். அக்கம்பக்கத்தார் வாங்கிவிட்டார் என்பதற்காக வாங்கும் வாகனம் இன்னும் மோசம். அவர் வாங்கியது பரம்பரைக் காணி விற்ற காசிலா, கடனிலா என்பது எமக்குத் தெரியாது.

யார் வாங்கலாம்?

எனது கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பின்வரும் நான்கும் பொருந்துபவர் தாராளமாக வாங்கலாம்.

ஒன்று, வாகனத்துக்கான முழுப் பணமும் வியாபாரத்திலிருந்து ஏற்கெனவே வெளியே எடுத்த இலாபமாக இருக்க வேண்டும். சரக்கைக் குறைத்தோ காசோலைகளைத் தள்ளிப்போட்டோ எடுத்ததாக இருக்கக் கூடாது.

இரண்டு, வாங்கிய பின்னரும் அடுத்த மூன்று மாதத்துக் காசோலைகளுக்கும் சம்பளத்துக்கும் கடை வாடகைக்கும் போதிய காசு கையில் மிஞ்ச வேண்டும்.

மூன்று, குறைந்தது ஏழு, எட்டு வருடமாவது அதே வாகனத்தை ஓடும் எண்ணம் இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் மாற்றுபவருக்கு வரியும் தேய்மானமும் இரட்டைச் சுமை.

நான்கு, அதன் விலை நாளை பாதியானாலும் வியாபாரம் அசையாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிய வேண்டும்.

இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பொறுத்திருப்பதே நல்லது. வாகனம் அவசியம் வேண்டுமென்றால், சிறிய இயந்திரம் கொண்ட க்ரோஸ்ஓவர்கள் இருக்கின்றன. ஹொண்டா வெசலின் ஹைபிரிட் இயந்திரம் 1,500 சீ.சீ.க்கு உட்பட்டது. சீ.சீ. கணக்கில் வரி அறவிடும் நாட்டில், சிறிய இயந்திரத்தைத் தெரிவு செய்பவர் தன் காசில் கூடுதலான பங்கை வாகனமாகப் பெறுகிறார்.

வாங்கத் தீர்மானித்தவர்களுக்கும் சில வார்த்தைகள். ஜப்பானில் பாவித்த வாகனமென்றால் ஏல அறிக்கையையும் ஏற்றுமதிக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழையும் மூலப் பிரதியாகப் பாருங்கள். திரையின் மொழி ஜப்பான் மொழியாக இருக்கும். அதன் வரைபடம் இங்கே உதவாது. ஹைபிரிட்டின் பற்றரியைப் பரிசோதிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். பின் ஆசனத்துக்குக் கீழே பற்றரிக்குக் காற்றுச் செல்லும் வழி தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்நாட்டில் ஓடிய வாகனமென்றால் வெள்ளத்தில் நின்றதா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். விரிப்பைத் தூக்கி, ஆசனப் பட்டியை முழுதாக இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எமது முன்னோர் தலையில் பொதி சுமந்தும் வண்டில் கட்டியும் ஊரூராக வியாபாரம் செய்தார்கள். அவர்கள் எமக்கு விட்டுச்சென்றது கடையும், கடையைச் சுற்றியிருந்த நாணயமும்தான். இன்றைய வியாபாரி வசதியாகப் பயணம் செய்யட்டும். அதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கடை வாகனத்தை வாங்கித் தர வேண்டுமே தவிர, வாகனத்துக்காகக் கடை விலைபோகக் கூடாது. அடுத்த முறை விற்பனை நிலையத்தின் வாசலில் அந்தப் பளபளப்பைப் பார்த்து நிற்கும்போது, சட்டைப் பையிலுள்ள காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாங்குவதா விடுவதா என்பதற்கான பதில் அங்கே எழுதப்பட்டிருக்கும்.